குட்டிப் பூனைகள் வரிசையாகச் சாவது விஷத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஒரு தெருவில் நான்கைந்து பூனைக் குட்டிகள் அடுத்தடுத்துச் செத்தால், முதலில் எழும் பேச்சு "யாரோ மருந்து வெச்சுட்டாங்க" என்பதுதான். மீன் கூடையில் வாய் வைத்ததற்கோ, மாடியில் காயும் கருவாட்டைக் கிளறியதற்கோ பழி தீர்த்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பல வருடம் பேசிப் பழகிய குடித்தனங்கள் முகம் திருப்பிக்கொள்கின்றன. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, குட்டிகளைக் கொன்ற கிருமி அதே வீட்டுத் தரையிலும் மிதியடியிலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குட்டிக்குப் போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷம் வைப்பவர்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விஷம் தின்ற பூனைகள் பெரும்பாலும் ஒரே இரவில், பெரியது சிறியது பார்க்காமல், எச்சில் ஒழுகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். இன்றைக்கு ஒரு குட்டி, நான்கு நாள் கழித்து இன்னொன்று, அடுத்த வாரம் மூன்றாவது என்று இடைவெளி விட்டுச் செத்தால், அதிலும் தாய்ப்பூனைக்கு ஒன்றும் ஆகாமல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் மட்டும் போனால், அது தொற்றுநோய். பான்லூகோபீனியா என்பது அதன் பெயர். நாய்க்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோயை வட சென்னையில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் பூனை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் சரியாகச் சொன்னால், பூனை வைரஸ்தான் மூத்தது. அதற்கு நெருங்கிய ஒரு வைரஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் 1978 வாக்கில் உலகம் முழுக்க நாய்களிடம் பரவிய பார்வோ. இப்போது சுற்றும் நாய் பார்வோ வகைகளும் பூனையைத் தொற்றக்கூடியவை. ஆகவே நாய்க்குட்டி பார்வோவில் செத்த வீட்டில் ஊசி போடாத பூனைக்குட்டியை விடுவதும் ஆபத்துதான். மனிதர்களுக்கு இது வராது. ஆனால் மனிதர்களின் கையும் செருப்பும் புடவைத் தலைப்பும் இதைச் சுமந்து போகும்.

விஷம் என்று ஏன் தோன்றுகிறது? சில குட்டிகளில் நோய் அவ்வளவு வேகம். முதல் நாள் மாலை வரை நூல் பந்தோடு விளையாடியது மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். வாந்தி, பேதி எதுவும் வெளியே தெரிந்திருக்காது. மற்றவற்றில் கிருமி உள்ளே போன 3 முதல் 7 நாளில் காய்ச்சல் தொடங்கும். பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. இந்த நோயில் 104-ஐத் தாண்டும். அப்புறம் சாப்பாடு நிற்கும், வாந்தி வரும். ஒருமுறை பார்த்தவர் மறக்காத காட்சி ஒன்று உண்டு: குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்தபடி மணிக்கணக்கில் குந்தியிருக்கும். முதுகு கூன் போட்டிருக்கும், முடி சிலிர்த்திருக்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைத் தோல் பாதிக் கண்ணை மூடியிருக்கும். தாகம் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. குடித்தாலும் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நுரையாக வெளியே வரும். நாய்க்கு வருவதுபோல் ரத்தபேதி எல்லாப் பூனைக்கும் வருவதில்லை, "பேதியே ஆகலியே, எப்படிப் பார்வோ?" என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

வைரஸ் செய்யும் வேலை இது. வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய் உட்காரும். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட முக்கியமான இடங்கள் இரண்டு: குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும். குடல் சுவர் புண்ணாகி உரிந்துபோக, குடலில் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையோ அதே நேரத்தில் முடங்கிக் கிடக்கிறது. ஆரோக்கியமான பூனையின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,500 முதல் 19,500 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். இந்த நோயில் 2,000-க்குக் கீழே போகும். சில குட்டிகளில் சில நூறுதான் மிஞ்சும். 1,000-க்குக் கீழே இறங்கினால் பிழைப்பது கடினம்.

மருத்துவரிடம் போனால் மலத்தில் குச்சியைத் தொட்டு, நாய்க்குப் பயன்படுத்தும் அதே பார்வோ கிட்டில் சோதிப்பார். பத்து நிமிடத்தில் கோடு தெரியும். கோடு விழுந்தால் நோய் என்று எடுத்துக்கொள்ளலாம். விழாவிட்டால் நோய் இல்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது. வைரஸ் மலத்தில் இறங்காத நேரத்தில் கிட் ஏமாற்றும். அப்போது ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கடந்த இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசியில் உள்ள உயிருள்ள வைரஸே மலத்தில் வந்து மங்கலாகக் கோடு காட்டக்கூடும்.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியைத் திரட்டும் வரை, நான்கைந்து நாள், உயிரைப் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்கு. 1 கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் எடையில் 10 சதவீத அளவுக்கு நீர் வற்றியிருந்தால் 100 மில்லி பற்றாக்குறை. ஒரு நாள் சாதாரணமாக இருப்பதற்கே இன்னும் 50, 60 மில்லி வேண்டும். வாந்தியில் போவது தனி. ஆக 150 மில்லிக்கு மேல் உள்ளே போக வேண்டிய இடத்தில் நாம் சிரிஞ்சில் 5 மில்லி குளுக்கோஸ் தண்ணீரை வாயில் ஊற்றுகிறோம். அதுவும் வாந்தியாகத் திரும்பி வருகிறது, சில நேரம் மூச்சுக்குழாயில் போகிறது. ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல் நரம்பு வழியாக ஏறினால்தான் கணக்கு நேராகும். நரம்பு கிடைக்காத சின்னக் குட்டிக்குத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். கூடவே வாந்தியை நிறுத்தும் ஊசி, ரத்தத்தில் இறங்கிய பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் ஊசி. "வைரஸுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?" என்று கேட்பவர்களுக்குக் காரணம் அந்தப் பாக்டீரியாதான்.

நீர் வற்றிவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விடுங்கள். சட்டென்று படிந்தால் நல்லது; கூடாரம்போல நின்று மெதுவாக இறங்கினால் உடனே கிளம்ப வேண்டும். ஈறைத் தொட்டால் வழவழப்பு இல்லாமல் விரலில் ஒட்டினாலும் அதே அர்த்தம். உள்ளங்கால் சில்லிட்டிருந்தால் நேரம் மிகக் குறைவு. அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, சூடேற்றிக்கொண்டே தூக்கிப் போங்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்துக் குட்டியில் ஒன்பது வரை சாகும். நேரத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதி பிழைக்கும். ஐந்து நாள் தாண்டினது பெரும்பாலும் தேறிவிடும். இங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றும் தூரமில்லை. மாதவரம், மணலிப் பக்கம் உள்ளவர்களுக்கு மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தெர்மாகோல் பெட்டியின் மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, உள்ளே பழைய துணி விரித்துக் கொண்டுபோனால் போதும். காத்திருக்கும் இடத்தில் குட்டியை வெளியே எடுத்துத் தரையிலோ பெஞ்சிலோ விடாதீர்கள். பக்கத்தில் ஊசிக்கு வந்திருக்கும் நல்ல குட்டி வீட்டுக்கு நோயோடு போகும்.

வீட்டு வைத்தியத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள் உயிரையே எடுக்கின்றன. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது முதலாவது. மனிதர் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தும் அதே மருந்துதான். பேதியை நிறுத்த நமக்கு வாங்கும் மாத்திரையும் வேண்டாம். பால் வேண்டாம்; புண்ணான குடல் அதைச் செரிக்காது. பூச்சி மருந்து கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. குடற்புழு குட்டிகளுக்கு உண்டுதான், ஆனால் வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்திருக்கும்போது அந்த இரண்டு நாள்தான் சிகிச்சைக்கு இருந்த நேரம்.

இடையில் ஒன்று. நம் பகுதியில் வாந்தி எடுக்கும் பூனையைப் பார்த்தால் முதலில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பாருங்கள். காற்றாடி மாஞ்சா நூலோ, தையல் நூலோ நாக்கின் அடியில் மாட்டி மறுமுனை குடலுக்குள் போயிருக்கலாம். தெரிந்தால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். அப்படியே தூக்கிப் போங்கள். மீன் முள் மாட்டியிருந்தாலும் சாப்பிடாமல் எச்சில் ஒழுக்கும். இவற்றுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது: ஃபினைல். குட்டி செத்ததும் வீடு முழுக்க ஃபினைல் ஊற்றிக் கழுவுகிறோம். மணம் வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று மனம் ஆறுகிறது. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அந்த உறையைக் கரைத்துக் கிருமியைக் கொல்லும் சோப்பு, சானிட்டைசர், ஃபினைல் எதுவும் இதைக் கொல்லாது. வீட்டுக்குள் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். வைரஸை ஒன்றும் செய்யாத அதே ஃபினைல் பூனையைச் செய்யும். ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கழுவிய தரையில் நடந்து, காலை நக்கினால் வாய் வேகும், எச்சில் ஒழுகும், கல்லீரல் கெடும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளுக்கும் இதே எச்சரிக்கை. சில வீடுகளில் ஒரு குட்டி வைரஸால் செத்து, அடுத்தது தரையைக் கழுவியதால் நோய்ப்படுகிறது.

வைரஸை உண்மையில் கொல்லும் பொருள் மளிகைக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறது: பிளீச். துணி வெளுக்கும் திரவத்தின் புட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 4 சதவீதமானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 40 முதல் 45 மில்லி. 5 சதவீதத்துக்கு மேலானால் 30 மில்லி. பிளீச்சிங் பவுடரானால் 1 லிட்டருக்கு 6 கிராம் கலக்கி, வண்டல் அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிரித்து வைத்த பவுடர் நம் கடற்காற்றில் சீக்கிரம் வீணாகும். நெடி அடிக்காத பவுடரால் பயனில்லை. கலந்த நீரும் அன்றன்றைக்குத்தான்.

பிளீச்சை எடுத்தவுடன் ஊற்றினால் வேலை செய்யாது. மலம், வாந்தி, மீன் கறை எது இருந்தாலும் குளோரின் அதனோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், வைரஸ் தப்பித்துக்கொள்ளும். முதலில் பூனைகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். அழுக்கைக் காகிதத்தால் வழித்தெடுத்துக் கட்டிப் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பூனை மூத்திரத்தோடு பிளீச் சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு வரும் என்பதற்காகவும் இந்த அலசல் அவசியம். பிறகு பிளீச் நீரை ஊற்றி, 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். நம் வெயிலில் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் மறுபடி ஊற்றுங்கள். கடைசியில் கழுவிக் காயவிட்டு, நெடி போனபின்தான் பூனையை விட வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிடோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஜன்னல் இல்லாத ஓரறை வீட்டில் அந்தப் புகை மனிதரையே சாய்க்கும்.

மொசைக், டைல்ஸ், சிமென்ட் தரை, பிளாஸ்டிக் டப், எவர்சில்வர் கிண்ணம் இப்படித் தேறிவிடும். சாக்கு, கயிற்று மிதியடி, அட்டைப் பெட்டி, பஞ்சு மெத்தை, மூங்கில் கூடை தேறாது. மனம் வராவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். கழிப்பதற்கு வைத்த மணலை முழுவதும் கொட்டிவிடுங்கள். அதைத் தெருவில் கிடக்கும் வீடு கட்டுகிற மணல் குவியலில் கொட்டாமல், பையில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும். புது மணலையும் அந்தக் குவியலிலிருந்து அள்ளக் கூடாது, தெருப்பூனை அத்தனையும் அங்கேதான் கழிக்கின்றன. ஒண்டுக் குடித்தன வீடுகளில் ஒரே நடை, ஒரே குழாயடி என்பதால் ஒரு வீடு மட்டும் கழுவிப் பயனில்லை. நடையையும் படிக்கட்டையும் சேர்த்துக் கழுவுங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள். பிழைத்த குட்டியும் ஆறு வாரம் வரை மலத்தில் வைரஸை இறக்கும், அதுவரை தனி அறை, தனிக் கிண்ணம். அந்த வீட்டுக்கு ஒரு வருடம் வரை ஊசி முடிக்காத புதுக்குட்டி வேண்டாம்.

இவ்வளவு பாட்டையும் தவிர்க்கும் ஊசி இருக்கிறது. ட்ரைகேட் என்று கேட்டால் தெரியும். பான்லூகோபீனியாவோடு, மூக்கும் கண்ணும் ஒழுகும் ஹெர்பிஸ், வாயில் புண் போடும் கலிசி ஆகிய மூன்றுக்கும் சேர்த்தது. "ஊசி போட்டாச்சு" என்று பலர் சொல்வது வெறிநோய் ஊசியை. அது வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும். ட்ரைகேட்டை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். "ஒரு ஊசி போட்டும் செத்துப்போச்சே" என்ற கேள்விக்கு விடை இந்த 16 வாரத்தில் இருக்கிறது. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கும். கூடவே ஊசி மருந்தையும் முறித்துவிடும். அது எந்த வாரம் வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் ஒன்று, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒன்று போதும். சினையாக இருக்கும் பூனைக்கும் 4 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும் இந்த உயிருள்ள மருந்து ஆகாது. தெருவில் நோய் புகுந்துவிட்டால் நன்றாக இருக்கும் மற்ற பூனைகளுக்கு அன்றைக்கே போடுங்கள். சில நாளில் காப்பு வந்துவிடும்.

வயிற்றுப்போக்கோடு வரும் எல்லாமே பான்லூகோபீனியா அல்ல. பல பூனைகள் ஒரே மணல் தட்டைப் பயன்படுத்தும் வீடுகளில் பூனைக் கொரோனா வைரஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். கோவிட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நமக்கு வராது. பெரும்பாலும் நாலு நாள் தளர்வாகக் கழிந்து சரியாகும். இதற்கு உறை இருப்பதால் சாதாரண சோப்புக்கே சாகும். சிறு பங்கு பூனைகளில் மட்டும் உடம்புக்குள்ளேயே உருமாறி எஃப்.ஐ.பி. என்னும் கொடிய நோயாகிறது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் இறங்காத காய்ச்சல், இளைத்த முதுகு, மஞ்சள் நீர் கோத்துப் பானைபோல உப்பிய வயிறு. முன்பு இது வந்தால் முடிந்தது என்றுதான் சொல்வோம். கோவிட் காலத்தில் கேள்விப்பட்ட ரெம்டெசிவிரின் குடும்பத்து மருந்தை 84 நாள் விடாமல் கொடுத்துப் பிழைக்க வைக்க முடிகிறது என்று 2019-க்குப் பிறகு தெரிந்துவிட்டது. எஃப்.ஐ.பி. என்று கேட்டதும் கைவிட்டுவிடாமல் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். எச்சிலால் பரவும் பூனை லுக்கீமியா வைரஸ் நாள்பட்ட பேதிக்கும் இளைப்புக்கும் இன்னொரு காரணம். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். ரோட்டா, ஆஸ்ட்ரோ வைரஸ்களும் குட்டிகளில் உண்டு. ஒரே குட்டியில் இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

அதிகாரிகள் கவனத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை 6, விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக நாளை ஒட்டி நடக்கும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்குப் பூனையைத் தூக்கி வருபவர்களிடம் ட்ரைகேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்த இடத்தில் அதையும் போடுங்கள். தெருப்பூனைகளைக் கருத்தடைக்குப் பிடிக்கும்போது மயக்கத்தில் இருக்கையிலேயே இந்த ஊசியையும் போட்டுவிடலாம். மறுபடி பிடிக்க முடியாத பூனைக்கு அந்த ஒரு ஊசியே பெரிய காப்பு.

கடைசியாக, நடக்கும்போது குடிகாரனைப்போல் தள்ளாடி, தட்டை நோக்கிக் குனிந்தால் தலை வெடவெடவென்று ஆடும் குட்டிகளைப் பற்றி. தாய் வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த ஓரிரு வாரத்திலோ இதே வைரஸ் சிறுமூளையைத் தாக்கியதால் வந்த குறை அது. வெறிநோய் என்று பயந்து இவற்றைக் கோணியில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கண் திறந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஆடுகிறதா, வலியில்லாமல் நன்றாகச் சாப்பிடுகிறதா, நாளாக ஆக மோசமாகாமல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் குறை நாளடைவில் அதிகமாகாது, தொற்றாது, ஆயுளையும் குறைக்காது. மாடிக்கும் கிணற்றடிக்கும் போகாமல் பார்த்துக்கொண்டு, வழுக்கும் தரையில் ஒரு கோணிப்பாய் விரித்து, சாப்பாட்டுத் தட்டை ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் அது தானே சாப்பிட்டுக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.